புதுப்பிப்பு: ஸ்பீக்கரில் வந்த 'உம்ம்' சத்தம் போய்விட்டது

பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று வருகிறது, வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் கேபிள் டிவி ஒயர்!

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்த ஆர்சிஏ ஒயர்களை (மற்ற கருவிகளின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவருபவை) எல்லாம் உருவியதும் சத்தமே இல்லை. ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். சிடி பிளேயர் வரை அமைதி. செட்டாப் பாக்ஸைச் செருகியதும் மறுபடி 'உம்ம்'. அந்த ஆர்சிஏ ஒயரை அப்படியே விட்டுவிட்டு, பாக்ஸின் பின்னால் இருந்த கேபிளை மட்டும் திருகிக் கழற்றினேன். சட்டென்று நின்றது.

கேபிளின் உள்ளே இருக்கும் உலோக மேலுறைக்கு வீட்டுக்கு வெளியே ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்குப் பிளக் வழியாக இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே சிறு மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலே போதும், ஆர்சிஏ ஒயரின் உலோக மேலுறையில் மின்சாரம் ஓடும். மெயின்ஸின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்தான் அப்படி நம் காதுக்கு வருகிறது.

பாக்ஸுக்கு முன்னால் கேபிளில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) போட்டேன். இப்போது ட்வீட்டரில் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சிறு பகுதி) காதை வைத்தால் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும்தான், அது ஆம்ப்ளிஃபயருடையது.

ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொன்ன நண்பர்களே, தயவுசெய்து யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். உள்ளே ஒயர் கழன்று ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பாடியில் பட்டால், தொடுபவர் உயிருக்கே ஆபத்து.