ஓபெத்தின் வேர் எந்த மண்ணில்?

கார்முகில்:
ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத் 2011இல் "ஹெரிட்டேஜ்" ஆல்பத்தை வெளியிட்டபோது, மெட்டல் என்ற கனமான ராக் இசையைக் கைவிட்டு எழுபதுகளின் ராக் இசைக்குத் தாவிவிட்டது என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவே மாட்டேன். அவர்கள் தொடக்கம் முதலே அங்கேதான் இருந்தார்கள். பெயர்களைப் பாருங்கள். 1998இல் வந்த "மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்" என்ற தலைப்பு, கோமஸ் என்ற ஆங்கில நாட்டார் இசைக்குழுவின் பாடல் வரியிலிருந்து எடுத்தது. 2001இல் வந்த "பிளாக்வாட்டர் பார்க்" எழுபதுகளின் ஜெர்மன் குழு ஒன்றின் பெயர். "ஃபார் அப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்" என்ற ஓபெத் பாடலின் பெயர், ஜெனசிஸ் என்ற ஆங்கில ராக் குழு 1971இலேயே ஒரு பாடலுக்கு வைத்தது. ஓபெத்தின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மிக்கேல் ஒக்கர்ஃபெல்ட் தன் மூதாதையரை அட்டையிலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

தந்திக்காரன்:
பெயர் வைப்பது மரியாதை. ஒலி வேறு. 2002இன் "டெலிவரன்ஸ்" ஆல்பத்தில் "மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ்" என்றொரு பாடல் இருக்கிறது. அது பழைய ஆஸ்திரேலிய ராக் குழு ஒன்றின் பெயர்தான். ஆனால் பாடலைப் போட்டுக் கேளுங்கள். அந்த ஆல்பத்திலேயே மிகக் கனமான ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், அதில்தான் இருக்கின்றன.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாடலுக்கு வருகிறேன். பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாடலின் கடைசி மூன்று நிமிடங்களில் மெட்டு என்று எதுவும் இல்லை. கிட்டார், பேஸ், காலால் அடிக்கும் டிரம் மூன்றும் ஒரே வெட்டில் விழுகின்றன, ஒரே வெட்டில் நிற்கின்றன. அந்த இடைவெளியில் சிம்பல் மட்டும் காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை வாசித்துப் பழக எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. விரல்களுக்கு அதில் வேலை குறைவு. தந்தியை அடக்கும் உள்ளங்கைக்குத்தான் முழு வேலையும். இந்தப் பழக்கம் மோர்பிட் ஏஞ்சல் போன்ற டெத் மெட்டல் (உறுமல் குரலும் மிகக் கனமான கிட்டாரும் கொண்ட மெட்டல்) குழுக்களைக் கேட்டு வளர்ந்த கைக்கு வருவது. ஓபெத்தின் முதல் இரண்டு ஆல்பங்களில் இரண்டு கிட்டார்கள் இணைந்து நகர்வதற்கு அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில மெட்டல் குழுவைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கார்முகில்:
அயர்ன் மெய்டனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1996இல் வந்த இரண்டாம் ஆல்பமான "மார்னிங்ரைஸ்" ஆல்பத்தில் இருபது நிமிடப் பாடல் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி முடிந்து தொடர்பே இல்லாததுபோல் அடுத்தது தொடங்கி, பிறகு பொருந்திப்போகும் அந்த அமைப்பு எழுபதுகளின் ப்ராக்ரசிவ் ராக், சுருக்கமாக ப்ராக், கற்றுக்கொடுத்தது.

தந்திக்காரன்:
அதே 1996இல் எட்ஜ் ஆஃப் சானிட்டி என்ற ஸ்வீடன் டெத் மெட்டல் குழு, நாற்பது நிமிடங்களுக்கு ஒரே பாடலாக "கிரிம்சன்" ஆல்பத்தை வெளியிட்டது. அதை எழுதிய டான் ஸ்வானோதான் ஓபெத்தின் முதல் இரண்டு ஆல்பங்களின் ஒலிப்பதிவிலும் இருந்தார். ஒக்கர்ஃபெல்டும் "கிரிம்சன்" ஆல்பத்தில் பாடியிருக்கிறார். நீளமாக யோசிப்பது அந்த டெத் மெட்டல் வட்டத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த ஒன்று.

கார்முகில்:
அந்த வட்டமும் ப்ராக் கேட்டு வளர்ந்ததுதானே! சரி, 2003இன் "டாம்னேஷன்" ஆல்பத்துக்கு என்ன சொல்வீர்கள்? அதில் உறுமல் குரல் ஓரிடத்திலும் இல்லை. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் வாசித்த மெல்லோட்ரான் என்ற விசைக்கருவிதான் அதன் மூச்சு. அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு நாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, பதிந்திருக்கும் புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். ஏறக்குறைய எட்டு வினாடிகளில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒலியின் இலேசான தள்ளாட்டம் நாடாவின் தள்ளாட்டம். 1969இல் கிங் கிரிம்சன் என்ற ஆங்கில ப்ராக் குழு உலகுக்குக் காட்டிய அதே சோகம் அதில் இருக்கிறது. கிட்டார் பாடும் விதத்தில் எனக்கு கேமல் என்ற ஆங்கில ப்ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஆண்ட்ரூ லாட்டிமர் கேட்கிறார்.

பனிக்காடு:
இருவரும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்வீடனை மறந்துவிட்டீர்கள். "ஹெரிட்டேஜ்" ஒரு சிறிய பியானோ துண்டோடு தொடங்குகிறதல்லவா? அது யான் யோஹான்சனை நினைத்து எழுதியது. 1964இல் ஸ்வீடன் நாட்டுப்பாடல்களை பியானோவும் டபுள் பேஸும் மட்டும் கொண்டு ஜாஸாக வாசித்தவர் அவர். சுரங்களுக்கு நடுவே அத்தனை வெளி. ஓபெத்தின் அமைதியான பகுதிகளில் இருக்கும் குளிர் கேமலிடமிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தந்திக்காரன்:
இது எனக்குப் புதிது, பனிக்காடு. அந்தத் துண்டை இத்தனை ஆண்டுகளாகத் தாண்டிவிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். இன்றிரவு ஒழுங்காகக் கேட்கிறேன்.

கார்முகிலுக்கு ஒரு வேண்டுகோள். 2024இன் "தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்" ஆல்பத்தின் நான்காம் பாடலில் ஜெத்ரோ டல் என்ற பழைய ஆங்கில ராக் குழுவின் இயன் ஆண்டர்சனே வந்து புல்லாங்குழல் வாசிக்கிறார். உங்கள் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. பல ஆண்டுகளாக விட்டிருந்த உறுமலை ஒக்கர்ஃபெல்ட் மீண்டும் கையில் எடுத்ததும் அதே ஆல்பத்தில்தான். ஏன் என்று சொல்லுங்கள்.

கார்முகில்:
பாடலை இப்போதுதான் மீண்டும் போட்டிருக்கிறேன். கேட்டு முடித்துவிட்டு எழுதுகிறேன்.