‘லுக் ஆஃப்டர்’ என்றால் அப்புறமாகப் பார்ப்பதா?

நான் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. 2021 கடைசியில் பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஆங்கிலத்தில் கெட் அப், டேக் ஆஃப் மாதிரி வினையோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டு வருமே, அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதல் நாள் செய்த தப்பு முழுக்க என்னுடையதுதான். பி.எட். முடித்த தைரியத்தில் பலகையில் ‘கெட்’ என்று எழுதி, அதிலிருந்து கிளை பிரித்து கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் இன் என்று ஒன்பதை எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் சளைக்காமல் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கேட்டால் ஒருத்தி பஸ்ஸில் கெட் அப் ஆகிறாள், இன்னொருவன் காலை ஆறு மணிக்குக் கட்டிலிலிருந்து கெட் இன் ஆகிறான். ஒரே முகஜாடையில் ஒன்பது பேரை ஒரே கல்யாண வீட்டில் அறிமுகப்படுத்தினால் நமக்கு மட்டும் யார் யாரென்று நினைவிருக்குமா என்ன.

அப்புறம் ஒரு நாள் ‘ஐ லுக் ஆஃப்டர் மை கோட்ஸ்’ என்று ஒரு வரி வந்தது. வீட்டில் நாலு ஆடு வைத்திருக்கும் பையனிடம் அர்த்தம் கேட்டேன். பட்டென்று, “ஆட்ட அப்பறமாப் பாக்குறேன்க்கா” என்றான். சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அவன் கணக்கில் என்ன பிழை? லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் அப்புறம். “அப்பறமாப் பார்த்தா அது நாத்தங்கால்ல இறங்கிடுமேடா, அதுவரைக்கும் யாரு பார்த்துக்கறது?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன அந்தப் ‘பார்த்துக்கறது’ என் காதிலேயே விழுந்தது.

நாமும் இதைத்தானே செய்கிறோம்! பார் வேறு, பார்த்துக்கொள் வேறு. கண்டுபிடி என்கிறோம், எதைக் கண்டாய், எதைப் பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. விட்டுக்கொடு என்பதும் அப்படித்தான். ஆங்கிலக்காரர்கள் வினையோடு அப், ஆஃப் என்று ஒரு துண்டை ஒட்டுகிறார்கள், நாம் பெரும்பாலும் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். இதைச் சொன்னதும் பிள்ளைகளே ‘ஃபைண்ட் அவுட்’ கண்டுபிடி, ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கோ என்று ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இலக்கணப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. அந்த வயதில் அது தேவையும் இல்லை என்பது என் கட்சி.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு மூன்று மட்டும், அதுவும் கையால் செய்து காட்டக்கூடியவையாக எடுத்தேன். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யவைக்கும் முறை, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே எழுதியதுதான். செருப்பைக் கழற்றும்போது டேக் ஆஃப், மாட்டும்போது புட் ஆன்.

இதில் தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ‘பிக் அப் த பேக்’, ‘பிக் த பேக் அப்’ இரண்டுமே சரி. பேக் போய் ‘இட்’ வந்தால் மட்டும் ‘பிக் இட் அப்’தான், ‘பிக் அப் இட்’ கிடையாது. விதியாகச் சொன்னபோது ஒருவருக்கும் ஏறவில்லை. அதனால் ஒருத்தியை ‘பிக்’ ஆகவும் ஒருத்தனை ‘அப்’ ஆகவும் நிற்கவைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நடுவிலும் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம். கூட்டத்திலேயே பொடிசாக இருந்த பிள்ளைதான் ‘இட்’, அவள் கண்டிப்பாக நடுவில் நுழைந்தாக வேண்டும், ஓரத்தில் நின்றால் அவுட். இடித்துத் தள்ளி நுழைந்து, மூன்று பேரும் சேர்ந்து ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் கத்துவார்கள். சத்தமாகவே மனதில் தங்கிவிட்டதால் எழுதும்போதும் அவ்வளவாகத் தப்பு வரவில்லை.

பஸ் விஷயமும் இப்படித்தான் சரியானது. உள்ளே நின்று நடக்க முடிந்தால் கெட் ஆன், ஆட்டோ, கார் மாதிரி குனிந்து நுழைந்தால் கெட் இன். உடனே ஒருத்தன், “அப்ப பைக்குக்கா?” என்றான். அதற்கும் ஆன்தான், மேலே ஏறி உட்காருகிறோமே என்று சமாளித்தேன்.

‘ரன் அவுட்’டில் தோற்றுவிட்டேன். ஜூன் 12க்கு மேட்டூர் அணையைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதனால் தண்ணீர் தீர்ந்துபோவதைச் சொல்லிப் புரியவைக்கலாமென்று ‘தி வாட்டர் ரேன் அவுட்’ என்றேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஸ்டம்ப்ப யாருக்கா அடிச்சது?” அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

இன்னும் போகாத வியாதி ‘ஆஃப் த ஃபேன்’. வீட்டில் ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்றே கேட்டு வளர்ந்ததால் ஆஃப் என்பதே வினை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று நூறு தடவையாவது திருத்தியிருப்பேன். போன வாரம் கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவசரத்தில் நானே “ஆஃப் த ஃபேன்!” என்று கத்திவிட்டேன். அந்த ஆட்டுக்காரப் பையன்தான் திருத்தினான்.