‘விழுந்தார்’ என்று எழுதி வாங்குங்கள்

தாண்டிக்குடி தங்கை:

முதுகு ஒடிந்து படுத்தவர்களின் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று நம் குழுவில் ஒரு அக்கா கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

2022 பிப்ரவரி. மிளகுப் பறிப்பு பாதி முடிந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, பதினைந்து அடி உயரத்தில் நின்று பறித்துக்கொண்டிருந்தார். ராத்திரி பெய்த பனியில் மண் ஈரமாக இருந்ததால் ஏணியின் கால் சறுக்கிவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். உட்கார்ந்த வாக்கில் விழுந்து அப்படியே சாய்ந்து கிடந்தார். முகத்தில் வலி கூடத் தெரியவில்லை. “காலு மரத்துப் போச்சு புள்ள” என்றார்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து, ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தாத்தா மட்டும் கத்தினார்: “மடக்காதீங்கடா, உட்கார வைக்காதீங்க, பலகை கொண்டாங்க!” காப்பிக் கொட்டை வைக்கும் அறையின் கதவைக் கழற்றி, அதில் அவரைப் புரளாமல் ஏற்றி, என் சேலையாலும் துண்டுகளாலும் கட்டி ஜீப்பின் பின்னால் வைத்தோம். பெரும்பாறை, சித்தரேவு, அய்யம்பாளையம் என்று வத்தலக்குண்டு வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவர் தலையை நான் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாத்தா இல்லையென்றால் இன்று அவர் நடந்திருக்க மாட்டார் என்று பிறகு டாக்டரே சொன்னார்.

கீழே இறங்கியதும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கே ஊசி போட்டு, விபத்துப் பதிவேட்டில் எழுதி, மதுரைக்கு அனுப்பினார்கள். அந்தப் பதிவேட்டை ஏ.ஆர். என்பார்கள். அப்போது அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்-1 என்ற எலும்பு நொறுங்கியிருந்தது. விலா எலும்புகளோடு விறைப்பாக நிற்கும் மேல் முதுகும் வளைந்து கொடுக்கும் இடுப்பும் சேருகிற இடம் அது. உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் உடையுமாம். ஸ்குரூவும் கம்பியும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

தப்பு நடந்தது அங்கேதான். சேர்க்கும்போது டியூட்டி டாக்டர், “முன்னாடி முதுகுவலி இருந்ததா?” என்று கேட்டார். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகுவலி இல்லாமல் இருக்குமா? “ரெண்டு வருஷமா அப்பப்ப வலிக்கும் சார்” என்றேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியே ‘இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி’ என்று வந்தது. விழுந்த சேதி நாலாவது வரியில், அதுவும் அரைகுறையாக. ஸ்கேன் ரிப்போர்ட்டில் வேறு, எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவில் உள்ள தட்டு (டிஸ்க்) தேய்ந்திருக்கிறது என்று ஒரு வரி. நாற்பது வயதைத் தாண்டினால் வலியே இல்லாத பலருக்கும் அந்தத் தேய்மானம் இருக்கும். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

எங்களுக்கு மூன்று லட்ச ரூபாய் மெடிக்கல் பாலிசி இருந்தது, எடுத்து எட்டு மாதம். கேஷ்லெஸ் கிடையாது, பணம் கட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள் என்றார்கள். என் நகையையும் நாத்தனார் நகையையும் அடகு வைத்து 2,64,000 ரூபாய் கட்டினோம். ஏப்ரலில் கடிதம் வந்தது: ஏற்கனவே இருந்த முதுகுத்தண்டு நோயை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள், பணம் தர முடியாது. மறைத்து என்ற சொல்தான் என்னை அழ வைத்தது. நாங்கள் எதை மறைத்தோம்?

பாலிசிப் புத்தகத்தை என் பெண் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. டிஸ்க் விலகல், முதுகுத்தண்டு நோய்களுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற இடத்திலேயே, ‘விபத்தால் ஏற்பட்டால் தவிர’ என்று இருந்தது. “அம்மா, அப்பா விழுந்தாருன்னு காட்டினா போதும்மா” என்றாள்.

சரி, எப்படிக் காட்டுவது? வத்தலக்குண்டுக்குப் போய் மனு கொடுத்து அந்த ஏ.ஆர். நகலை வாங்கினேன். ‘மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்ததாக’ என்று, விழுந்த அன்றைய தேதியும் நேரமும் போட்டு எழுதியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டபோது, எல்-1 முறிவு விழுந்ததால் வந்தது, கீழே உள்ள தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கடிதம் கொடுத்தார். இரண்டையும் வைத்துக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதம் பதிலே இல்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம் என்று தெரிந்தது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். விசாரணை வீடியோவில் நடந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் பண்ணைக்காட்டில் தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து பேசினேன். கை நடுங்கியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். 2,31,000 ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கம்பெனி 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்; கொடுத்தார்கள். நகை திரும்பி வர மொத்தத்தில் ஒரு வருஷம் ஆனது.

இது பணத்தின் கதை. வீட்டின் கதை இதைவிடக் கஷ்டம்.

மூன்று மாதம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடாவிட்டால் புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராத்திரி 10, 12, 2, 4 என்று போனில் அலாரம் வைத்தேன். மாமியார் ஒரு முறை, நான் ஒரு முறை. ஒன்றுக்குப் போவதற்குக் குழாய் போட்டிருந்ததை என் பையன் பார்க்கக்கூடாது என்று அவர் போர்வையை இழுத்து இழுத்து மூடுவார். கக்கூஸ் வெளியே, ஏழு படி கீழே. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்தோம். இரண்டு மாதத்துக்கு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி, “என்னை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் தம்பிதான் அவரை மாற்றினார். மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்து ராமகிருஷ்ணன் ஐயாவைப் பற்றிச் சொன்னார். 1975-இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-இல் அந்தச் சங்கத்தையே தொடங்கினார் என்று. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவராகவே, “அந்த முதுகுப் பெல்ட்டை எடு” என்றார்.

இடது பாதம் இன்னும் தூக்க வராது. கம்பு ஊன்றித்தான் நடை.

பண்ணைக்காடு ஜீப் ஓட்டுநர்:

தங்கச்சி, படித்துவிட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். எனக்கு விபத்து இல்லை, இருபது வருஷ மலைப்பாதை ஓட்டம்தான். டிஸ்க் நரம்பை அமுக்கி இடது கால் பூராவும் மின்சாரம் மாதிரி வலி. பாலிசி எடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 24 மாதக் கணக்கில் மறுத்துவிட்டார்கள், அதில் வாதாட எனக்கு வழியில்லை. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அட்டை இருந்தும் மறந்து, கடன் வாங்கத் திரிந்தேன். மனைவிதான் ரேஷன் கார்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு விஷயம் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். முதுகுவலிக்காரருக்குத் திடீரென்று ஒன்றுக்கு வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். நான் கஷாயம் குடித்துக்கொண்டு ஒரு நாள் வீணடித்தேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை அது. எனக்கு இன்றும் அந்த இடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை.

மன்னவனூர் அக்கா:

எங்கள் அப்பா கேரட் மூட்டை ஏற்றும்போது முதுகு பிடித்து விழுந்தவர். கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் வருவதே ஒரு நாள் கூலி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கும் என்று ஊர் நர்ஸ் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. தங்கை, மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினீர்களா? வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் அந்த விபத்து இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைத்ததா?

தாண்டிக்குடி தங்கை:

அட்டை வாங்கிவிட்டோம் அக்கா. 40 சதவீதம் இருந்தால்தான் சலுகைகளுக்குச் சேரும். எங்களுக்கு 45 போட்டார்கள். திண்டுக்கல் முகாமுக்கு இரண்டு தடவை அலைந்தோம்.

20 ரூபாய்த் திட்டத்தில் ஒரு கால் அடியோடு செயலிழந்து இனித் திரும்பாது என்றால்தான் ஒரு லட்சம். இவருக்குப் பாதம் தூக்க வராதே தவிர ஊன்றி நடக்கிறார், அதனால் கிடைக்கவில்லை. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் பறிக்க வரும் நான்கு பேருக்கும் வருஷம் தவறாமல் மே மாதக் கடைசிக்குள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று நானே கேட்டுவிடுகிறேன்.

ஜீப் அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டினேன். அவர் உங்களைப் பார்க்க வரச் சொல்கிறார். ஏறத்தான் முடியாது, கொடி நாற்று போட முடியும் என்று இப்போது மேஜை உயரத்துக்குப் பலகை அடித்து, உட்கார்ந்தபடியே பாலித்தீன் பையில் மிளகுக் கொடி நட்டு விற்கிறார். போன வருஷம் இரண்டாயிரம் பை போனது. பறிப்புக் காலத்தில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏணியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டி, முடிச்சைக் கையால் இழுத்துப் பார்த்து நான் தலையாட்டிய பிறகுதான் யாரையும் முதல் படியில் கால் வைக்க விடுவார்.