மாமாவோட மைவி கார், இரண்டு வாரம் இரவல்: என் பேர்ல இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா?

செம்பனைநிழல் (சுங்கை சிப்புட், மலேசியா)
மாமாவோட 2013 மைவி இரண்டு வாரம் என்கிட்ட இருக்கப் போகுது. தோட்டத்துக்கும் ஈப்போவுக்கும் ஓட்டம், தைப்பூசத்துக்கு வீட்டோட பினாங்கு தண்ணீர்மலைக் கோயில். தம்பியும் ஓட்டுவான், பி லைசென்ஸ் (புதுசா ஓட்டுறவங்களுக்குத் தர்ற தற்காலிக லைசென்ஸ்). போலிசி மாமா பேர்ல, முழு காப்புறுதி, என்சிடி (கிளைம் போடாம இருந்ததுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற கழிவு) 55%. இங்கிலாந்துல இரவல் காருக்கு ஒரு நாள், ஒரு வாரம்னு தனியா விக்கிறாங்களே, இங்க அப்படி என் பேர்ல எடுக்கலாமா? போலிசி வேற அடுத்த வாரம் முடியுது. மூணு மாசத்துக்கு மட்டும் போட்டா மிச்சமாகுமா?

பழைய_கிராணி
உங்கள் பெயரில் வேண்டாம். இங்கே காப்புறுதி, கிரானில் (வாகனப் பதிவு அட்டையில்) பெயர் உள்ளவருடையது. மாமா அனுமதித்து, செல்லுபடியாகும் லைசென்சோடு நீங்கள் ஓட்டினால் அதே போலிசி உங்களுக்கும் பொருந்தும். அனுமதியை வாட்ஸ்அப்பில் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

செய்ய வேண்டியது, ஏஜெண்டிடம் சொல்லி உங்கள் பெயரை ஓட்டுநர் பட்டியலில் சேர்ப்பது. கூடுதல் பெயருக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வாக்கில் ஆகும். சேர்க்காவிட்டாலும் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் மாமாவின் கார் சேதத்துக்குக் கிளைம் செய்யும்போது முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். தம்பி விஷயம் வேறு. 21 வயதுக்குக் கீழே இருந்தாலோ பி லைசென்ஸ் என்றாலோ, பெயர் இருந்தாலும் அந்த 400 உண்டு.

அடுத்த வாரம் முடிகிறது என்றீர்களே, அதுதான் அவசரம். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 90: காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்ட விட்டவரும் அதே குற்றவாளி, அதாவது மாமாவும் மாட்டுவார்.

மூன்று மாதக் கணக்கு லாபமில்லை. வழக்கமான குறுகிய கால அட்டவணையில் ஒரு மாதத்துக்கே ஆண்டுப் பிரீமியத்தில் 25%, மூன்று மாதத்துக்கு 50%, ஆறு மாதத்துக்கு 75%, எட்டு மாதம் தாண்டினால் முழுசு. மாமா பிறகும் ஓட்டப் போகிறார் என்றால் ஒரு வருடத்துக்கே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்கணக்கு
400 வெள்ளியோடு முடியாது. பத்து வயது தாண்டிய காருக்குப் புது பாகம் போட்டால் பாகத்தின் விலையில் 40% வரை பெட்டர்மெண்ட் என்று (பழைய பாகத்துக்குப் பதில் புதுசு கிடைப்பதற்கான பங்கு) நீங்கள்தான் கட்டணும். பாகம் 1,500, கூலி 500 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 600ம் 400ம் சேர்ந்து 1,000 உங்கள் பணம், கம்பெனி தருவது மிச்ச 1,000. அதற்குப் பதிலாக மாமாவின் என்சிடி சுழியத்துக்கு விழும். கழிவுக்கு முன் பிரீமியம் 1,000 என்றால் இதுவரை 450 கட்டியவர் அடுத்த வருடம் 1,000 கட்டுவார். பிறகு 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55 வருவதற்குள் மொத்தம் ஏறக்குறைய 1,367 வெள்ளி கூடுதல். ஆக, 2,000 வெள்ளி வேலைக்குக் கிளைம் போட்டால் நஷ்டம். சின்ன இடி என்றால் கைக்காசில் முடித்து மாமாவிடம் நல்ல பெயர் வாங்குங்கள். எதிர்த் தரப்பின் தப்பு என்று முடிவானால் என்சிடி போகாது.

செம்பனைநிழல்
நன்றிங்க. வீட்டு ஆளுங்களை ஏத்திட்டுப் போறதுல ஏதும் இருக்கா?

பழைய_கிராணி
இருக்கிறது, பலர் கவனிக்காதது. முழு காப்புறுதி என்ற பெயரை நம்பி, பயணிகளுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் தவறால் பயணிக்குக் காயம்பட்டு அவர் வழக்குப் போட்டால், பயணி பொறுப்பு என்ற கூடுதல் சேர்க்கை இல்லாமல் போலிசி கைகொடுக்காது. அதிலும் ஒரே வீட்டில் வசிப்பவர்களை விலக்கும் வரி பல போலிசிகளில் இருக்கும். வீட்டாருக்குத் தனி விபத்துக் காப்புறுதிதான் பொருத்தம். வெள்ளம், மண்சரிவு இரண்டும் தனிச் சேர்க்கைதான். ஆற்றோரத் தோட்டத்துக்குள் காரை நிறுத்துவீர்கள் என்றால் யோசியுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தனியார் போலிசியில் அது வாடகை ஓட்டம், கிளைம் நிற்காது.

பட்டறைக்கணக்கு
இடித்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட், ஏழு நாளுக்குள் கம்பெனிக்குத் தகவல். ரோட்டோரத்தில் தானாக வந்து நிற்கும் டோ லாரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போலிசியில் உள்ள உதவி எண்ணைக் கூப்பிட்டு, கம்பெனி அங்கீகரித்த பேனல் பட்டறைக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் எழுதுவது ஓட்டியவர்தான். தம்பி இடித்ததை, 400 வெள்ளி மிச்சம் பிடிக்க, மாமா ஓட்டினார் என்று மாற்றி எழுதுவது வழக்கமாக நடக்கிற கோளாறு. அட்ஜஸ்டர் (கம்பெனிக்காகச் சேதத்தை விசாரிப்பவர்) சீட் நிலையையும் போன் அழைப்பு நேரத்தையும் கேட்டாலே வெளுத்துவிடும். கிளைம் போகும், பொய்ப் புகார் வழக்கு வரும், மாமாவும் சேர்ந்து மாட்டுவார்.