மறு: ஓட்டு வாங்காத பிரதிநிதிக்கு ஒரு சொல்

> 'தன்னியமனப் பிரதிநிதி' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, யாரும் ஓட்டுப் போடாமலே மக்கள் சார்பில் பேச முன்வருபவரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற தேடலுக்கு நீங்கள் தந்த இந்தச் சொல் இலக்கணப்படி சரிதான், ஆனால் காதில் வசவு மாதிரி விழுகிறது. அரசியல் கோட்பாட்டாளர் மைக்கேல் சாவர்டு இதைப் பற்றி 2006-இல் எழுதியதில் அந்த ஏளனம் கிடையாது. 'இவர்கள் சார்பில் பேசுகிறேன்' என்று ஒருவர் கோருகிறார், அந்த மக்கள் ஏற்கலாம், மறுக்கலாம். பிரதிநிதித்துவம் ஓட்டுப்பெட்டியில் மட்டும் பிறப்பதில்லை என்பதுதான் அவர் வாதம்.

நேபாளத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் அரசு பேஸ்புக், யூடியூப் உட்பட 26 தளங்களை முடக்கியது, ஊழல்மேல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் 8-ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள், மறுநாளே பிரதமர் கே.பி. சர்மா ஒலி விலகினார். அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். வீடியோ கேம் ஆடுபவர்கள் அரட்டையடிக்கிற டிஸ்கார்டில் ஆயிரக்கணக்கானோர் கூடி, வாதாடி, வாக்கெடுப்பு நடத்தி, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியின் பெயரை முன்வைத்தார்கள். 12-ஆம் தேதி அவர் இடைக்காலப் பிரதமர். (குடியரசுத் தலைவரும் ராணுவமும் பேசித்தான் முடிவானது, டிஸ்கார்டே பிரதமரை நியமித்தது என்பதெல்லாம் மிகை.) அங்கே பேசியவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் நுழைந்திருக்கலாம், இணையமே எட்டாத மலைக்கிராமத்துப் பாட்டிக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் 'தன்னியமனம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியுமா?

'பதிலி'யும் ஒத்துவராது. பதிலி என்றால் உரியவர் வரவில்லை என்று அர்த்தம். இங்கே உரியவர்கள் இணையத்தில் அவர் போட்ட பதிவுக்குக் கீழேயே நின்றுகொண்டு 'எனக்காகப் பேச நீ யார்' என்று கேட்கிறார்கள். 'தேராப் பிரதிநிதி' (தேர்ந்தெடுக்கப்படாதவர்) அழகுதான், 'தேறாத' என்று படித்துச் சிரிப்பார்களே!

என் பரிந்துரை: பேச முன்வரும் செயலுக்குச் 'சார்புக்கோரல்', மக்கள் ஒப்புக்கொள்வதற்குச் 'சார்பேற்பு'. ஆளுக்குத் தனிப்பெயர் வேண்டாம், நேற்று ஏற்கப்பட்டவரை இன்று அதே கூட்டம் கைவிட்டுவிடும், பட்டம் மட்டும் அவரிடம் தங்கிவிடக்கூடாது. சார்பு என்றால் ஒருபக்கச் சாய்வும் ஆயிற்றே, கணிதப் பாடத்தில் 'function' என்ற பொருளும் உண்டே என்பீர்கள். 'சங்கத்தின் சார்பில்' என்று தினமும் எழுதுகிறோம், அங்கே யாரும் குழம்புவதில்லை. 'பிரதிநிதித்துவக் கோரல்' பாடநூலுக்குச் சரி, செய்தித் தலைப்பில் அடங்காது.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்குள் மறுப்பிருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக 'சார்பேற்பு' பற்றி. அதை 'சார்பு ஏற்பு' என்று பிரித்தே எழுதலாமோ என்று எனக்கே ஓர் ஊசலாட்டம்.