எரித்ரோமைசின் படுத்திய பாடு: உங்கள் அனுபவம் என்ன?

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள். முதலில் என் கதை.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வளர்க்கும் தட்டுகளுக்கு எரித்ரோமைசின் ஸ்டாக் கரைசல் (பிறகு நீர்க்கச் செய்து பயன்படுத்தும் செறிவான கரைசல்) போடச் சொன்னார்கள். தண்ணீரில் கரையும் ஆம்பிசிலின் ஆன்டிபயாடிக் பழக்கத்தில் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். பாதி மிதந்தது, பாதி குழாய்ச் சுவரில் அப்பிக்கொண்டது. சூடு காட்டினால் கரையும் என்று வெந்நீரில் வைத்தேன், கலங்கல்தான் கூடியது. சர்க்கரை, உப்பு கரைத்த கைக்கு இது விளங்கவே இல்லை. சூடு ஏற ஏற இதன் கரைதிறன் குறையும் என்று பிறகுதான் படித்தேன். சாதாரணமாகவே மில்லிக்கு 2 மில்லிகிராம் அளவுதான் கரையும்.

சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "தண்ணிலயா போட்ட? எத்தனால் எடு தம்பி." ஒரே நிமிடத்தில் பளிங்கு மாதிரித் தெளிந்துவிட்டது. இப்போது எத்தனாலில் மில்லிக்கு 5 மில்லிகிராம் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறேன். அது உறையாது; மூடி தளர்ந்தால் எத்தனால் பறந்து செறிவு ஏறிவிடும், கவனம். தட்டில் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் போதும். இ.கோலை பாக்டீரியாவுக்கு இந்த அளவு ஒரு பொருட்டே இல்லை, அதன் வெளிச்சவ்வு உள்ளே விடாது.

நுண்ணுயிர் ஆய்வகத்திலிருந்து

எங்களிடம் ஒரு வாரம் ஓடிய குழப்பம். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் ஏற்றிய காகித வட்டைச் சுற்றி, கிருமி வளராத 22 முதல் 30 மி.மீ. வளையம் காட்ட வேண்டும். 19-இலேயே நின்றது. வட்டு பழசோ என்று புதுப் புட்டி உடைத்தோம், கிருமி வளரும் கூழான ஆகாரை மாற்றினோம், அளவுகோலைக்கூடச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், இடமில்லை என்று யாரோ தட்டுகளைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த வாயு ஆகாரின் ஈரத்தில் கரைந்தால் அமிலம். எரித்ரோமைசின் காரத்தன்மையுள்ள மூலக்கூறு. அமிலத்தில் மின்னேற்றம் பெற்றுவிட்டால் கிருமிக்குள் நுழையத் திணறும். சாதாரண இன்குபேட்டருக்கு மாற்றியதும் 25 மி.மீ.

இதே வட்டில் நான் ரசித்துப் பார்ப்பது டி-டெஸ்ட். 15 முதல் 26 மி.மீ. தள்ளிப் பக்கத்தில் கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் வட்டு. சில கிருமிகளில் கிளிண்டாமைசின் வளையம், எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் தட்டையாகி ஆங்கில 'டி' எழுத்தாகிவிடும். எரித்ரோமைசின் பட்டவுடன்தான் அந்தக் கிருமி தன் ரைபோசோமை மாற்றிக்கொள்ளும் நொதியை உற்பத்தி செய்கிறது. தனியாக வைத்திருந்தால் கிளிண்டாமைசின் வேலை செய்யும் என்று நம்பி ஏமாந்திருப்போம்.

மருந்தாளுநர்

அமிலம் என்றதும் ஞாபகம் வந்தது. மூக்குக் குழாயில் உணவு போகும் ஒரு நோயாளிக்கு, உறைபூசிய எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உறை, வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையத்தான். பொடித்தால் மருந்து இரைப்பையிலேயே சிதைந்துவிடும். எத்தில்சக்சினேட் திரவத்துக்கு மாற்றச் சொன்னேன். சீட்டைப் புரட்டினால் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் இருக்கிறது! சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை எரித்ரோமைசின் தடுக்கும், ரத்தத்தில் அதன் அளவு ஏறித் தசை நொறுங்கும் அபாயம் உண்டு. டாக்டரிடம் சொல்லி சிம்வாஸ்டாட்டினை நிறுத்தினோம். உறையைவிட எனக்கு அதுதான் பெரிய பதற்றம்.

இதே குடும்பத்து அசித்ரோமைசினில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. மூலக்கூறின் வளையத்தில் ஒரு நைட்ரஜனைக் கூடுதலாகச் செருகியதில் அமிலத்தைத் தாங்குகிறது.

எண்டோஸ்கோபி செவிலியர்

இந்த மருந்தால் வருவதாக எல்லாரும் திட்டும் வயிற்று வலியைத்தான் நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். எரித்ரோமைசின் குடலில் மோட்டிலின் (குடலை அசைக்கும் ஹார்மோன்) ஏற்பிகளைத் தூண்டும், இரைப்பை சுருங்கிச் சுருங்கி உள்ளதைக் கீழே தள்ளும். ரத்த வாந்தியோடு வருபவருக்கு ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இந்த மருந்து நீட்டக்கூடிய இதய மின்துடிப்பு நேரம்) பார்த்துவிட்டு 250 மில்லிகிராம் நரம்பில் ஏற்றுவோம். ஒரு பெரியவர் கேட்டார்: "கிருமி ஏதும் இருக்காம்மா, ஆன்டிபயாடிக் போடுறீங்க?" "இல்லைங்கய்யா, வயித்தைக் காலி பண்ண." அவர் நம்பவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கேமராவை இறக்கினால் ரத்தக்கட்டி எதுவும் மறைக்கவில்லை, புண் நேராகத் தெரிந்தது.