சலவை இயந்திரத்தின் வாயில் இருக்கும் ரப்பருக்கு என்ன பெயர் வைக்கலாம்?

மடிப்பாக்கத்திலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் இருப்பது முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின். போன வாரம் கதவடியில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. நானே பிரித்துச் சரிசெய்தேன். செய்ததை ஊரிலிருக்கும் தங்கைக்குத் தமிழில் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், மாற்றிய பொருளுக்கே பெயர் கிடைக்கவில்லை.

கடையில் 'டோர் ரப்பர்' என்றால் எடுத்துத் தருகிறார்கள். மெக்கானிக்குகளில் சிலர் 'கேஸ்கட்' என்கிறார்கள், சிலர் 'பெல்லோ' என்கிறார்கள். 'கதவு ரப்பர்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அந்தப் பெயர் ஆளைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. குக்கர் மூடியிலிருந்து ரப்பரை உருவுகிற மாதிரி இதையும் உருவிவிடலாம் என்று நான் முதலில் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அது கதவிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. துணியோடு சுழல்வது துளைபோட்ட எஃகு உருளை. அதைச் சுற்றித் தண்ணீர் நிற்பது தொட்டி. இந்தத் தொட்டி பெட்டியோடு சேர்த்து முடுக்கப்படவில்லை. மேலே சுருள்வில்களில் தொங்குகிறது, கீழே அதிர்வுதாங்கிகள் பிடித்துக்கொள்கின்றன. துணி பிழியும்போது அது ஆடும், பெட்டி ஆடாது. ஆடுகிற தொட்டியின் வாயையும் ஆடாத முன்தகட்டையும் தண்ணீர் சிந்தாமல் சேர்த்துவைப்பதுதான் இந்த ரப்பரின் வேலை. ஒரு விளிம்பு தொட்டியைக் கவ்வும், மறு விளிம்பு முன்தகட்டைக் கவ்வும், இரண்டையும் கம்பிவளைகள் இறுக்கும். நடுவில் இருக்கும் மடிப்பு ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும். கதவை மூடினால் அதன் கண்ணாடிக் கிண்ணம் ரப்பரின் உதட்டில் வந்து அழுந்துகிறது. கதவுக்கும் ரப்பருக்கும் அவ்வளவுதான் தொடர்பு.

எங்கள் வீட்டில் கீழ்மடிப்பை விரித்தபோது ஒரு கொண்டை ஊசி, இரண்டு ரூபாய் நாணயம், முடியும் நூல்பிசிறும் சேர்ந்த ஒரு உருண்டை வெளியே வந்தன. மடிப்பில் தேங்கும் தண்ணீர் தொட்டிக்குத் திரும்ப அடியில் வடிதுளைகள் உண்டு. அவை அடைத்துக் கிடந்தன. போர் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. உதட்டில் ஒரு முடி ஒட்டியிருந்தாலே கசியும் என்பதால் எல்லாவற்றையும் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஊசி கீறிய இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். சைக்கிள் டியூபுக்குப் போடும் பஞ்சர் ஒட்டு இரண்டு சலவைக்குத்தான் தாங்கியது. ஓயாமல் மடங்கி விரியும் இடத்தில் ஒட்டு எப்படி நிற்கும்? புதிது வாங்கிவிட்டேன்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட வேண்டும். முன்கம்பிவளையைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடுகிறது. உள்வளையை எட்டத்தான் மேல்மூடி, சோப்புத்தூள் தட்டு, முன்தகடு எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. கதவுப்பூட்டின் ஒயரைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று. புதிய ரப்பரில் இருக்கும் முக்கோணக் குறி தொட்டியின் குறிக்கு நேராக வர வேண்டும், வடிதுளைகள் கீழே அமைய வேண்டும். வழுக்கிக்கொண்டு உட்காரச் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸோ இயந்திர எண்ணெயோ கூடாது; இது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், அவற்றில் ஊறினால் உப்பிவிடும்.

கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய சொல் 'துருத்தி'. மடிந்து விரியும் உடம்பு, இரண்டு பக்கமும் கட்டிய வாய். தொட்டியின் வாயில் இருப்பதால் 'வாய்த்துருத்தி' என்கிறேன். சரிதானா, சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, வேலையை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். சொல்லில்தான் எனக்குத் தயக்கம். துருத்தி என்றால் என் கண்முன் நிற்பது கொல்லுப்பட்டறை. அது காற்றை ஊதும், உங்கள் ரப்பர் எதை ஊதுகிறது? தண்ணீர் வெளியே வராமல் தடுப்பது அதன் வேலை. வேலையைச் சொல்லும் பெயராக, 'கசிவடைப்பு வளையம்' என்று வைக்கலாமே.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் இங்கே ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். ஓடும்போது ஒரு பெட்டி ஒருபக்கம் ஆடும், அடுத்தது மறுபக்கம் ஆடும். நடுவே ஆள் நடந்துபோகும் வழியை மூடியிருக்கும் மடிப்புச் சுவரை நாங்களும், துருத்திக்கான ஆங்கிலச் சொல்லால், 'பெல்லோஸ்' என்றுதான் சொல்லிவந்தோம். அதுவும் எதையும் ஊதியதில்லை.

மயிலாப்பூரிலிருந்து:

ஐயா, துருத்திக்கு ஊதுவது மட்டும் பொருள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், தோலால் செய்த தண்ணீர்ப்பையும் துருத்திதான், தண்ணீர் பீச்சும் கருவியும் துருத்திதான். ஆற்று நடுவே எழும் திட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆக இந்தச் சொல்லுக்குத் தண்ணீரோடு பழைய உறவு இருக்கிறது. காற்றை மட்டும் நினைத்து இதைத் தள்ளிவிட வேண்டாம்.

என் வீட்டில் சுருதிப்பெட்டி இருக்கிறது. அதன் மடிப்பையும் துருத்தி என்றே சொல்கிறோம். மடிந்து விரிவது என்று சொன்னவுடன் குழந்தைக்குக்கூட அந்த உருவம் மனத்தில் வந்துவிடும். 'கசிவடைப்பு வளையம்' குழாயில் போடும் வாசருக்கும் பொருந்தும், குக்கர் ரப்பருக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற பெயரை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் எதைக் கேட்பது?

மடிப்பாக்கத்திலிருந்து:

மயிலாப்பூர் அம்மா சொன்ன வேறுபாடு எனக்கு உதவியது. அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருப்பது கேஸ்கட். அந்த வகைக்கு ஐயாவின் 'கசிவடைப்பு வளையம்' சரியாகப் பொருந்தும், அங்கே அதையே வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிலையாக இருந்து மறுபக்கம் ஆடினால் வளையம் போதாது, மடிப்பு வேண்டும். நம் ஊரில் ஓடிய, இரண்டு பெட்டிகளைச் சேர்த்த வெஸ்டிபியூல் பஸ்ஸின் இடுப்பு நினைவிருக்கிறதா? திருப்பத்தில் ஒருபக்கம் மடிந்து மறுபக்கம் விரியுமே, அந்த இனம் இது. ஐயா சொன்ன ரயில்பெட்டிச் சுவரும் இதே குடும்பம்தான்.

கசிவை அடைக்கும் வேலையையும் நான் விட்டுவிடவில்லை. கதவுப் பக்கத்தில் அதைச் செய்வது கண்ணாடி அழுந்தும் உதடு. ஆகவே முழுப்பொருள் வாய்த்துருத்தி. அதன் உறுப்புகள் உதடு, மடிப்பு, வடிதுளை. பிரிட்ஜில் ரப்பர் உண்மையிலேயே கதவில்தான் செருகியிருக்கிறது, அதற்குக் 'கதவு ரப்பர்' என்ற பெயர் தகும்.

என் குறிப்பில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "சலவை முடிந்ததும் வாய்த்துருத்தியின் கீழ்மடிப்பை விரலால் விரித்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடு. வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார். கதவைச் சற்றுத் திறந்தே வை, இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கருப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும்."

'கம்பிவளை' மட்டும் நானாக வைத்த பெயர். பட்டறையில் அதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருந்தால் அதையே போட்டுவிடுகிறேன். ஐயா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?